ஃபிக்மாவில் கீழ் விளிம்பை அலைன் செய்தால் ‘முல்லை’ மேலே ஏறுகிறது: உதவி தேவை

ஒத்தக்கடை: மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் என் மாமாவுக்குக் கமிஷன் கடை. அன்றன்றைய விலையைக் கடை டிவியில் காட்ட ஃபிக்மா என்ற வடிவமைப்புச் செயலியில் 1920×1080 பிக்சல் அளவில் ஒரு திரை செய்கிறேன். மேல் வரிசையில் மல்லி, பிச்சி, முல்லை, கனகாம்பரம்; ஒவ்வொன்றின் கீழும் விலை. விடியற்காலையில் விலையை மாற்றி, பிஎன்ஜி படமாக எடுத்துப் பென் டிரைவில் கொடுத்துவிடுவேன்.

நான்கு பெயர்களையும் தேர்ந்தெடுத்துக் கீழ் விளிம்பு ஒரே மட்டத்தில் வரும்படி அலைன் செய்தால் (ஆல்ட் + எஸ்), மல்லியும் பிச்சியும் ஒரு மட்டத்தில் நிற்கின்றன. முல்லையும் கனகாம்பரமும் ஏறிவிடுகின்றன. விலை எண்களுக்கு இதே பொத்தான் சரியாக வேலை செய்கிறது. கையால் இழுத்து இழுத்தே இரண்டு இரவு போய்விட்டது.

இன்னொன்று: ‘மல்லி’யை மட்டும் தேர்ந்தெடுத்து இடது அலைன் கொடுத்தால் திரையின் ஓரத்துக்கே ஓடுகிறது. தலைப்போடு சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் ஓடுவதில்லை. ஏன்?

வைகைக்கரை: தம்பி, ‘முல்லை’யை இருமுறை சொடுக்கிப் பாருங்கள். தட்டச்சு செய்யக் கர்சர் வருகிறதா, எழுத்தின் ஓரக்கோட்டில் புள்ளிகள் வருகின்றனவா?

ஒத்தக்கடை: புள்ளிகள்தான், அக்கா. அந்த எழுத்துரு மாமாவின் கணினியில் இல்லை. மாறிவிடக் கூடாதே என்று பெயர்களை மட்டும் ஃபிளாட்டன் செய்து, வெறும் வடிவங்களாக மாற்றினேன்.

வைகைக்கரை: காரணம் அதுதான். அலைன் பொத்தானுக்கு எழுத்து தெரியாது. அதைச் சுற்றியுள்ள பெட்டிதான் தெரியும். எழுத்து எழுத்தாகவே இருக்கும்வரை, ஒரே எழுத்துரு, ஒரே அளவு, ஒரே வரி உயரம் என்றால் பெட்டியின் உயரமும் ஒன்றே. உங்கள் எண்கள் சரியாக நிற்பது அதனால்தான். ஃபிளாட்டன் செய்ததும் பெட்டி எழுத்து வடிவத்தின் ஓரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ‘மு’வின் சுழி எழுத்து உட்காரும் கோட்டுக்குக் கீழே இறங்கும், கனகாம்பரத்தில் ‘ர’வின் வால் இறங்கும். மல்லியிலும் பிச்சியிலும் அப்படி எதுவும் இல்லை. வாலின் நுனியைக் கொண்டுபோய் மல்லியின் அடியோடு சேர்த்தால் மொத்தச் சொல்லும் ஏறத்தானே செய்யும்?

மேல் விளிம்புக்கு மாற்றியும் பயனில்லை; அங்கே ‘சி’யின் கொக்கியும் ‘ம்’மின் புள்ளியும் குறுக்கே வரும். பெயர்களை மறுபடி தட்டச்சு செய்யுங்கள். டிவிக்குப் போவது படம்தான், அதில் எழுத்துரு மாற வழியே இல்லை.

சிம்மக்கல்: இரண்டாவது கேள்விக்கு: ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தால் அதைத் தாங்கும் ஃபிரேமின் (இங்கே உங்கள் திரையின்) ஓரம்தான் அளவு. பலவற்றைத் தேர்ந்தெடுத்தால், அவற்றில் இடக்கோடியில் இருப்பதன் ஓரம். ஆகவே தலைப்பை முதலில் எக்ஸ் 60இல் (இடது ஓரத்திலிருந்து 60 பிக்சல் தள்ளி) வைத்துவிட்டு, மல்லியை அதற்கு வலப்பக்கம் விட்டு, இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். நான் பழகிய இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் எதை அளவாகக் கொள்வது என்று நாமே சொல்லலாம்: முதலில் தேர்ந்தெடுத்தது, கடைசியாகத் தேர்ந்தெடுத்தது, பக்கம் என்று. அந்த வசதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஒத்தக்கடை: மறுபடி தட்டச்சு செய்தேன். முல்லை இறங்கிவிட்டது! ஆனால் விலை 64 அளவிலும், பக்கத்தில் ‘கிலோவுக்கு’ 24 அளவிலும் இருக்கின்றன. கீழ் விளிம்பை அலைன் செய்தால் சிறிய சொல் தாழ்ந்து தெரிகிறது.

வைகைக்கரை: பெரிய எழுத்தின் பெட்டியில் அடியில் விடும் இடமும் பெரியது, அதனால் தாழ்கிறது. இரண்டையும் ஆட்டோ லேஅவுட்டில் (உள்ளிருப்பவற்றைத் தானே அடுக்கும் அமைப்பில்) கிடைவரிசையாகப் போட்டு, அதன் கூடுதல் அமைப்புகளில் டெக்ஸ்ட் பேஸ்லைன் என்பதை இயக்குங்கள். அப்போது பெட்டிகளை விட்டுவிட்டு, எழுத்து உட்காரும் கோட்டையே பார்க்கும்.

ஒத்தக்கடை: உட்கார்ந்துவிட்டது, அக்கா. நாளைக் காலை விலை வந்ததும் கடையில் போட்டுப் பார்க்கிறேன்.