தலை ஆடிப்பெருக்கு: ஒகேனக்கல்லில் குளிக்கத் தடை போட்டால் தாலிக்கயிறு எங்கே மாற்றுவது?

தர்மபுரி_புதுமருமகள்

வைகாசியில் கல்யாணம் முடிந்தது. வருகிற ஆடி 18 எங்களுக்குத் தலை ஆடிப்பெருக்கு. ஒகேனக்கல் போய் கல்யாண மாலையை ஆற்றில் விட்டு, குளித்து, தாலிக்கயிறு மாற்றணும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். தண்ணீர் அதிகமாக வந்தால் இறங்கவே விடமாட்டார்களே, அப்போது வீட்டில் செய்யலாமா? இல்லை தென்பெண்ணைக் கரையில் இருக்கிற அனுமன்தீர்த்தம் போகலாமா? ஆடியில் சுபகாரியம் கூடாது என்கிறார்கள், கயிறு மாற்றுவது மட்டும் எப்படிச் சரி? முளைப்பாரிக்கு என்றைக்கு விதை போடணும்?

பென்னாகரம்_ஆத்தங்கரை

ஆடிப்பெருக்குக்குத் திதியும் கிடையாது, நட்சத்திரமும் கிடையாது. ஆடி பிறந்து பதினெட்டாம் நாள். ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் வரும். அமாவாசை, பௌர்ணமி எதையும் பார்க்காமல் தேதியைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் தண்ணீர்தான். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பிடித்து, கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பி, மிச்சத் தண்ணீர் மாநில எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலு வழியாக நம்ம பக்கம் இறங்குகிற காலம் இது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று மானாவாரிக் காட்டில் கேழ்வரகு, சாமை, நிலக்கடலை போடுவதும் இப்போதுதான். ஆடியில் காவிரித் தாய் மசக்கையாக இருக்கிறாள் என்றுதான் எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று சித்ரான்னம் படைக்கிறோம். அதனால் கரையில் நின்று குளிக்க முடியாமல் திரும்புகிற வருஷத்தைக் குறையாக நினைக்காதீர்கள். இறங்க முடியாத அளவுக்கு வருவதற்குப் பெயர்தான் பெருக்கு.

ஆடியில் தவிர்ப்பது கல்யாணம், புதுமனை புகுவது மாதிரி புதிதாகத் தொடங்குகிற காரியங்களை. கயிறு மாற்றுவது புது முகூர்த்தம் இல்லை, இருக்கிற மாங்கல்யத்துக்குப் பலம் சேர்ப்பது. அம்மன் மாதத்தில் அதற்கு என்ன தடை?

வீட்டிலேயே தாராளமாகச் செய்யலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததிலிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரி குழாயிலேயே வருகிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டு அந்தக் குழாய்த் தண்ணீரை ஒரு பித்தளைக் குடத்தில் பிடியுங்கள். வாழையிலையில் பச்சரிசி பரப்பிக் குடத்தை வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, கொஞ்சம் மஞ்சள் தூளும் பூவும் தண்ணீரில் போடுங்கள். பக்கத்தில் மஞ்சள் பிள்ளையார். முன்னால் காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, வெற்றிலை பாக்கு, பழம், காப்பரிசி. பூஜை முடிந்ததும் அந்தத் தண்ணீரைச் செடிக்கோ கிணற்றுக்கோ ஊற்றுங்கள், சாக்கடையில் விடாதீர்கள்.

மஞ்சக்கயிறு_பாலக்கோடு

கயிறு மாற்றுகிற விஷயத்தை மட்டும் சொல்கிறேன். தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

கடையில் பளபளவென்று இருக்கிற கயிற்றில் பாலியஸ்டர் கலந்திருக்கும். ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் சாம்பலாக உதிரும். உருகிச் சுருண்டு கெட்டியான உருண்டையாக நின்றால் அது நூலே இல்லை. மஞ்சளும் பிடிக்காது, கழுத்தையும் அறுக்கும். வெள்ளைப் பருத்திக் கயிறு வாங்கி முந்தின நாளே தண்ணீரில் நனைத்துக் காயப்போடுங்கள். நனைக்காமல் கட்டினால் முதல் குளியலிலேயே சுருங்கி மேலே ஏறிவிடும். காய்ந்த பிறகு மஞ்சள் கிழங்கை உரசிய விழுதைத் தடவி நிழலில் உலர்த்துங்கள். நீளம் பழைய கயிற்றைவிட நாலு விரற்கடை கூடுதலாக இருக்கட்டும், முடிச்சு அதைச் சாப்பிட்டுவிடும்.

அன்று குளித்து, கிழக்குப் பார்த்து உட்காருங்கள். பழையதைக் கழற்றும் முன்பே, மஞ்சள் கிழங்கு கட்டிய தனிக் கயிறு ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பிறகு பழையதை எடுத்து, தாலி நடுவிலும் குண்டு, காசு, பவளம் இரண்டு பக்கமும் இருந்த வரிசையிலேயே கோக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் வரிசை மாறாது. கணவரோ மூத்த சுமங்கலியோ மூன்று முடிச்சுப் போட்டு, தாலியில் குங்குமம் வைத்த பிறகுதான் கிழங்குக் கயிற்றைக் கழற்றணும். நடுவில் எழுந்திருக்கக் கூடாது, அதனால் கத்தரிக்கோல், ஊசி எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ராகு காலம், எமகண்டம் கிழமைக்குக் கிழமை மாறும். திங்கள் என்றால் காலை 7.30 முதல் 9 ராகு, 10.30 முதல் 12 எமகண்டம். ஞாயிறு என்றால் 12 முதல் 1.30 எமகண்டம், ராகு சாயங்காலம்தான். எந்தக் கிழமையானாலும் மத்தியானத்துக்குள் முடித்துவிடுங்கள்.

பழைய கயிற்றில் ஊக்கு இருந்தால் எடுத்துவிட்டுத் தென்னை அடியில் புதையுங்கள். கல்யாண மாலையும் அப்படித்தான். ஜரிகையையும் நைலான் நூலையும் பிரித்துவிட்டு பூவும் நாரும் மட்டும் ஆற்றுக்குப் போகட்டும்.

தென்பெண்ணை_ஊத்தங்கரை

அனுமன்தீர்த்தத்துக்குத் தனி மகிமை உண்டு. தீர்த்தமலையில் ராமர் பூஜை செய்ய அனுமன் கங்கைத் தீர்த்தம் கொண்டுவரத் தாமதமானதால், ராமர் பாணம் விட்டு மலையிலேயே தீர்த்தம் வரவழைத்தார். அனுமன் கொண்டுவந்த தீர்த்தம் விழுந்த இடம் இது என்பது தல வரலாறு. அதனால் முதலில் இங்கே குளித்துவிட்டு அப்புறம் தீர்த்தமலை ஏறி ராமர் தீர்த்தத்தில் நனைவதுதான் முறை. தலையில் அருகம்புல்லும் நாணயமும் வைத்து மூன்று முறை முங்குவார்கள்.

ஆனால் தென்பெண்ணைக்குக் குடகு மழை வராது. நந்தி மலைப் பக்கம், பெங்களூரு பக்கம் பெய்தால்தான் உண்டு. ஆடியில் பல வருஷம் அங்கங்கே குட்டையாகத்தான் நிற்கும். குட்டைத் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் மணல் அள்ளிய பள்ளம் இருக்கும், தெரியாத இடத்தில் இறங்காதீர்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் தென்பெண்ணையில் இருக்கிற கே.ஆர்.பி. அணைக்குப் (கிருஷ்ணகிரி அணை) போவதானால், மேலே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிற செய்தி வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். அப்படி இருந்தால் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், வாய்க்குள் விட வேண்டாம்.

முளைப்பாரி_காரிமங்கலம்

ஆடி 9 அன்று விதை போட்டால் 18-க்குச் சரியாக வரும். எல்லாத் தானியமும் ஒன்றாக ஊறவைப்பதுதான் பலர் செய்கிற தப்பு. நெல் முளைக்க மூன்று நாலு நாள் ஆகும், பச்சைப்பயறு மறுநாளே வெடித்துவிடும். நெல்லை ஒரு நாள் முன்னாடியே ஊறப்போடுங்கள். உடைத்த பருப்பும் தோல் நீக்கியதும் முளைக்காது, முழுசாக இருக்கணும். அடியில் ஓட்டை போட்ட மண்சட்டியில் செம்மண்ணும் காய்ந்த சாணத்தூளும் சம அளவு. காலை மாலை கையால் தெளித்தால் போதும். தண்ணீர் தேங்கினால் மூன்றாம் நாளே வெள்ளைப் பூஞ்சணம் பிடித்து நாற்றமெடுக்கும். வெளிச்சம் படாத அறையில் வைத்தால்தான் மஞ்சளாக, நெட்டையாக வரும்.

காப்பரிசிக்கு ஒரு டம்ளர் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக விடுங்கள். அரை டம்ளர் வெல்லத்தூள், பல்லுப்பல்லாகக் கீறிய தேங்காய், வறுத்த எள், பொட்டுக்கடலை, ஏலக்காய். அரிசியில் ஈரம் இருந்தால் வெல்லம் கரைந்து சொதசொதவென்று ஆகிவிடும். படைப்பதற்குக் கொஞ்சம் முன்னாடி கலந்தால் சரியாக இருக்கும்.