மறு: பேரல் வால்ட் – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் கட்டடக்கலைக் கலைச்சொல் பட்டியலில் ‘பேரல் வால்ட்’டுக்கு, அதாவது அரைவட்டமாக வளைந்து நீளமாக ஓடும் கூரைக்கு, இதுவரை வந்த தமிழ்ச் சொற்கள்: பீப்பாய் வளைவு, உருளைக்கூரை, வளைகூரை, சாலைக்கூரை. நேராக நீளும் கட்டடம் என்றால் நாலுமே ஒப்பேறிவிடும். கொஞ்சம் முரண்டு பிடிக்கும் கட்டடம் ஒன்றில் இவற்றை ஓட்டிப் பார்த்தால்தான் எது தாங்கும் என்று தெரியும்.

நான் எடுத்துக்கொண்டது ஜப்பானின் ஓய்டாவில் இருக்கும் ஃபுஜிமி கன்ட்ரி கிளப்பின் கிளப் ஹவுஸ். 1974இல் கட்டி முடிந்தது. வடிவமைத்தவர் அராட்டா இசோசாகி. அதே ஓய்டாவில் 1931இல் பிறந்தவர், புகழ்பெற்ற ஜப்பானியக் கட்டடக்கலைஞர் கென்ஸோ டாங்கேயிடம் பயின்றவர், கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசை 2019இல் பெற்றவர். ஒரு கோல்ஃப் கிளப்புக்கு இவ்வளவு பெரிய ஆளா என்று கேட்கலாம். 1957இல் கசுமிகசேகி மைதானத்தில் நடந்த கனடா கோப்பை என்ற பன்னாட்டு கோல்ஃப் போட்டியை ஜப்பானின் டொராகிச்சி நகமுராவும் கோய்ச்சி ஓனோவும் வென்ற பிறகு ஜப்பானில் கோல்ஃப் பித்து தலைக்கேறியது. புதுப்புது கிளப்புகள் முளைத்தன. அங்கே கிளப் ஹவுஸ் என்பது மட்டைப் பையை வைத்துவிட்டுப் போகும் இடமல்ல. ஒன்பது குழி ஆடி முடித்ததும் உட்கார்ந்து மதிய உணவு, பிறகு மீதி ஒன்பது, கடைசியில் வெந்நீர்த் தொட்டிக் குளியல். நாளில் பாதி அங்கேதான் கழியும். கட்டடக்கலைஞருக்கு அங்கே வேலை இருந்தது.

இசோசாகி செய்தது இதுதான்: அரைவட்ட வெட்டுமுகம் (குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவம்) கொண்ட ஒரே கூரை. அதை அப்படியே இழுத்துக்கொண்டு போய் வழியில் வளைத்துத் திருப்பிவிட்டார். மேலேயிருந்து பார்த்தால் கேள்விக்குறி. ஜப்பானியர்களுக்கு இந்த ஆட்டத்தின் மேல் ஏன் இத்தனை மோகம் என்று கட்டடமே கேட்பதாக ஒரு விளக்கம் உண்டு. நுழைவுப் பக்கத்தில் கூரையின் வெட்டுமுகமே முகப்பாக நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக்கலைஞர் பல்லாடியோ கட்டிய வில்லா போயானா மாளிகையின் சாயலை அதில் காண்பவர்கள் உண்டு. அதே ஆண்டுகளில் இசோசாகி கட்டிய கிட்டக்யூஷு மத்திய நூலகத்திலும் இதே உத்திதான். அங்கேயும் கூரை நேராக ஓடி, பிறகு திரும்புகிறது.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். குழுவில் வந்த இரண்டு கேள்விகளையும் இடையில் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

‘பீப்பாய்’ முதலில் அடிபடுகிறது. பீப்பாய்க்கு நடுவில் தொந்தி உண்டு. இந்தக் கூரைக்கு அடையாளமே தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டுமுகம் மாறாததுதான். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் பழகிவிட்டது, நாம் ஏன் சுமக்க வேண்டும்? ‘உருளை’ என்றால் முழுவட்டம் மனதில் வரும், பாதி எங்கே போனது என்று விளக்க வேண்டியிருக்கும்.

‘வளைகூரை’ எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் ஃபுஜிமியில் இரண்டு வளைவுகள் இருக்கின்றன, வெட்டுமுகத்தில் ஒன்று, தரைப்படத்தில் (மேலேயிருந்து பார்க்கும் வரைபடத்தில்) ஒன்று. ‘வளைகூரை வளைந்து செல்கிறது’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு எந்த வளைவு எது என்று பிரிக்க முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. டாங்கே 1960களின் தொடக்கத்தில் யோகோஹாமாவின் டொட்சுகா கோல்ஃப் கிளப்புக்குக் கட்டிய கிளப் ஹவுஸில் கான்கிரீட் கூரை மல்லாந்து கிடக்கும், ஓரங்கள் மேலே தூக்கியிருக்கும். அதுவும் வளைந்த கூரைதான். ஒன்று கவிழ்ந்தது, ஒன்று மல்லாந்தது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் எதற்குக் கலைச்சொல்?

> ‘சாலை’ நம் சிற்ப மரபில் இருக்கும் சொல். அதையே எடுத்தால் என்ன?

கோயில் பற்றி எழுதும்போது அந்தச் சொல்லை மாற்றவே கூடாது என்பதுதான் என் கருத்தும். மாமல்லபுரத்து பீம ரதத்தின் கூரை, கோபுர உச்சியில் கலச வரிசையைத் தாங்கும் அந்த நீள்வடிவம், எல்லாம் சாலைதான். ஆனால் ‘கிளப் ஹவுஸின் சாலைக்கூரை திரும்புகிறது’ என்று நாளிதழில் போட்டுப் பாருங்கள். கார் வந்து நிற்கும் இடத்துக்குப் போட்ட கொட்டகை என்றுதான் நினைப்பார்கள்.

> கூரை திரும்புகிறது என்றால் தூங்கானை மாடம் பொருந்துமே?

இல்லை ஐயா. தூங்கானை மாடத்தில் ஒரு முனை நேராக நிற்கும், மறுமுனை யானையின் பின்புறம் போல உருண்டு முடியும். சகாதேவ ரதம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே வளைவது முனை. ஃபுஜிமியில் முனை நறுக்கென்று நிற்கிறது, நடுவழியில்தான் திருப்பம். அருமையான சொல், இடம்தான் வேறு.

என் பரிந்துரை ‘கூண்டுக்கூரை’. கூண்டு வண்டியின் கூண்டு நமக்குத் தெரிந்த பொருள். அரைவட்டம், ஒரே அளவு, கவிழ்ந்து கிடப்பது, நீளமாக ஓடுவது, நான்கும் அதற்குள் அடக்கம். விலாக்களாக வளைத்த மூங்கில்மேல் பாய் விரித்த அமைப்பு என்பதால், விலா வைத்த கான்கிரீட் கூரைக்கும் ஒட்டும். ‘கூண்டுக்கூரை நேராக ஓடி, பிறகு கேள்விக்குறியாக வளைகிறது’ என்று குழப்பமில்லாமல் எழுதலாம். பறவைக் கூண்டு நினைவுக்கு வராதா என்று கேட்பீர்கள். வரும்தான். ‘கூரை’ ஒட்டியதும் அது விலகிவிடும் என்று நம்புகிறேன், ஆனால் இதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. ‘கூட்டுக்கூரை’ என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். அவியல், பொரியல் வரிசையில் சேர்ந்துவிடும் என்பதால் தவிர்த்தேன்.

அப்படியே எடுத்தால் குடும்பமும் அமைகிறது: இரண்டு கூண்டுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்குக் கூண்டுச்சந்தி, திரும்பும் வகைக்குத் திரும்புகூண்டு. வால்ட் என்ற பொதுப்பெயருக்கு வேண்டுமானால் வளைகூரையை வைத்துக்கொள்ளலாம், அங்கே அது பொருத்தம்தான்.

கிளப் ஹவுஸுக்கு ‘மனமகிழ் மன்றம்’ என்று பட்டியலில் யாரோ போட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பெயர்ப்பலகை எதைக் குறிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நல்லது கிடைக்கும்வரை கிளப் ஹவுஸ் என்றே இருக்கட்டும்.

கூண்டைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால், ஃபுஜிமி வாக்கியத்தில் வைத்து எழுதி அனுப்புங்கள். வெறும் சொல்லாக வேண்டாம்.