லைவ் ரைட்டரை முடக்கிய 3 பைட்டுகள்

கல்லடியிலிருந்து:

2011இல் நடந்தது. எங்கள் பக்கத்து அண்ணாவியார் ஒருவர் பாடித் தந்த வடமோடிக் கூத்துப் பாடல்களை ஒலிப்பதிவு செய்து, திரும்பத் திரும்பக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். இணைய இணைப்பு வருவதும் போவதுமாக இருந்ததால், விண்டோஸ் லைவ் ரைட்டர் என்ற வலைப்பதிவு எழுதும் செயலியில் எழுதி வைத்து, இணைப்புக் கிடைக்கும் வேளையில் என் வேர்ட்பிரஸ் தளத்துக்கு ஏற்றுவேன்.

ஒரு நாள் அது ஏற்ற மறுத்தது. வழங்கி அனுப்பிய பதில் செல்லாது என்று ஒரே வரியில் பிழைச்செய்தி. கடவுச்சொல்லை மாற்றினேன். வெளிச் செயலியிலிருந்து தளத்துக்கு ஏற்ற உதவும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி வசதியை வேர்ட்பிரசில் அக்காலத்தில் நாமே இயக்கிவிட வேண்டும். அதையும் பார்த்தேன், இயங்கியபடிதான் இருந்தது. அதன் முகவரியை உலாவியில் திறந்தால், போஸ்ட் கோரிக்கையை, அதாவது செயலிகள் தரவு அனுப்பும் வகைக் கோரிக்கையை மட்டுமே ஏற்பேன் என்றது. அது நலமாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். தளமும் ஒரு குறையுமில்லாமல் திறந்தது.

இணையத்தில் ஒரு வைத்தியம் கிடைத்தது: வேர்ட்பிரஸ் தன் பதிலின் நீளத்தை எண்ணிச் சொல்லும் வரியில் 3 கூட்டிவிடு. கூட்டினேன், வேலை செய்தது. அடுத்த புதுப்பித்தலில் அந்த மாற்றம் அழிந்து பழைய பிழையே திரும்பியது. ஏன் 3 என்று அப்போதுதான் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

தளத்தின் வார்ப்புருவை மாற்றி, வேர்ட்பிரசுடன் வரும் வார்ப்புருவை வைத்துப் பார்த்தேன். உடனே ஏறியது. ஆகவே கோளாறு என் வார்ப்புருவின் ஃபங்ஷன்ஸ் கோப்பில். தமிழ் மாதப் பெயர்களைச் சேர்ப்பதற்காக அதை நோட்பேடில் திறந்து, தமிழ் எழுத்துகளை ஏற்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்திருந்தேன். அன்றைய நோட்பேட், அப்படிச் சேமிக்கும் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தை வைத்துவிடும். அளவு 3 பைட்டுகள். தமிழில் ஓர் 'அ' பிடிக்கும் இடம். அந்த 3 பைட்டுகள் பதிலுக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டன. வேர்ட்பிரஸ் சொன்ன நீளமோ பழைய நீளம். அந்த அளவோடு வாசிப்பை நிறுத்திய லைவ் ரைட்டருக்குக் கடைசி 3 பைட்டுகள் கிடைக்கவில்லை. இறுதி அடைப்புக்குறி மூடப்படாமல் பதில் அறுந்து நின்றது. நோட்பேட்++ கொண்டு அந்த அடையாளம் இல்லாமல் சேமித்தேன். அன்றிரவே 11 பாடல்கள் ஏறின.

இந்தச் சிக்கலுக்கு லைவ் ரைட்டரைக் குறை சொல்ல மாட்டேன். எழுதியவை அனைத்தும் என் கணினியில், அதன் வரைவுக் கோப்புறையில் பத்திரமாக இருந்தன. ஒரு வரிகூடத் தொலையவில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து:

தம்பி, உங்களுக்கு வரைவாவது மிஞ்சியது. எனக்கு ஏற்றுவதில் தடையே இருக்கவில்லை. ஆனால் தளத்தில் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகளே வந்தன. தரவுத்தள அட்டவணை தமிழ் எழுத்தை ஏற்காத லத்தீன் எழுத்துக்குறியில் அமைக்கப்பட்டிருந்தது. எழுத்து ஒரு தடவை கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிட்டால் அதை மீட்க வழி கிடையாது. அட்டவணையை மாற்றினேன். உம்மா சொல்லித் தந்த தாலாட்டுகளை மீண்டும் அவரருகில் அமர்ந்து எழுதினேன். இரண்டாம் முறை இரண்டு கண்ணிகள் அவருக்கு நினைவு வரவில்லை.

களுவாஞ்சிகுடியிலிருந்து:

நான் ஓப்பன் லைவ் ரைட்டர் பாவிக்கிறேன். லைவ் ரைட்டரே 2015 டிசம்பரில் இந்தப் பெயரில் திறந்த மூலமாக வெளிவந்தது. எனக்கு வந்தது 403 பிழை, அதாவது அனுமதி மறுப்பு. கடவுச்சொல்லை ஊகித்து நுழையும் தாக்குதல்களுக்கு அஞ்சி, தளத்துக்கு இடம் தரும் நிறுவனம் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்பையே பூட்டியிருந்தது. அவர்களுக்கு எழுதியபின் என் இணைய இணைப்பின் ஐபி முகவரிக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். வேர்ட்பிரஸ் 5.6 முதல் செயலிக்கெனத் தனிக் கடவுச்சொல் உருவாக்கலாம். மேசைக்கணினிச் செயலியில் அதையே கொடுங்கள். முதன்மைக் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்.

அக்கரைப்பற்று அண்ணன், அந்தத் தாலாட்டுகளை ஏற்றுமுன் ஒரு பிரதியைப் பென்டிரைவிலும் வைத்துவிடுங்கள்.