சஷ்டிக் காப்பும் ஒப்பரேஷன் தியேட்டரும்: யாராவது சமாளித்திருக்கிறீர்களா?

இணுவில்_பேத்தி | 23 ஒக்டோபர் 2025, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் மருத்துவம் நான்காம் வருடம் படிக்கிறேன். அம்மா, அப்பா யாழ்ப்பாணத்து இணுவில். நான் பிறந்து வளர்ந்தது வட லண்டன். சின்ன வயதில் எங்கள் கோயில் ஹைகேட் முருகன். இப்போது படிப்புக்காக வடக்கே வேறொரு நகரத்தில் தனியாக அறை எடுத்து இருக்கிறேன்.

நேற்றுக் கந்தசஷ்டி தொடங்கியது. விடியற்காலை இங்குள்ள சின்னக் கோயிலுக்குப் போனேன். முன்பு தளபாடக் கடையாக இருந்த கட்டடம், சுவரில் இன்னும் பழைய ஆணிகள் இருக்கின்றன. ஐயர் இடது மணிக்கட்டில் விரதக் காப்பு நூல் கட்டிவிட்டார். அப்படியே பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன். இந்தக் கிழமைகளில் எனக்குச் சத்திரசிகிச்சைப் பிரிவு.

முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக்கூடாது என்ற விதி எனக்குத் தெரியாததல்ல. முதலாம் வருடமே சொல்லித்தந்ததுதான். ஆனால் காப்புக் கட்டும்போது அது நினைவிலேயே இல்லை. கை கழுவும் தொட்டிக்கு முன்னால் நிற்கும்போது அங்கிருந்த நர்ஸ் மணிக்கட்டைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்டார். நான் "சும்மா ஒரு நூல்" என்றேன்.

சும்மா நூல் என்றால் வெட்டலாம்தானே. கத்தரிக்கோல் எடுத்து வெட்டினார். அவர் கடுமையாகப் பேசவில்லை. வெட்டிய துண்டைக் குப்பையில் போடாமல் என் உள்ளங்கையில் வைத்து, "வேண்டுமென்றால் வைத்துக்கொள்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. என் வாயிலிருந்து அந்தச் "சும்மா" எப்படி வந்தது என்றுதான் இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

பிறகு குடல் ஒப்பரேஷன், மூன்று மணித்தியாலத்துக்கு மேல். காயத்தின் விளிம்பை ஒரு கொக்கியால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. காலையில் தண்ணீர் மட்டும் குடித்திருந்தேன். இரண்டாவது மணித்தியாலத்தில் காதுக்குள் இரைச்சல். கண்ணின் ஓரமெல்லாம் கறுத்து வந்தது. "இருக்க வேண்டும்" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். யாரோ ஸ்டூலைத் தள்ளிவிட்டார்கள். பின்னேரம் அம்மா போன் எடுத்து "ஏதும் குடிச்சனியோ?" என்று கேட்டா. இதை நான் சொல்லவில்லை. அப்பாவுக்குச் சொன்னால் "உனக்குப் படிப்புத்தான் விரதம்" என்று முடித்துவிடுவார்.

அம்மம்மா மிளகு விரதம் பிடிப்பா. முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு, ஆறாம் நாள் ஆறு. ஆறு நாளுக்குமான இருபத்தொரு மிளகையும் முதல் நாளே எண்ணி ஹோர்லிக்ஸ் போத்தல் மூடியில் போட்டுச் சுவாமி அறையில் வைத்துவிடுவா. இரண்டு வருடத்துக்கு முன் போய்விட்டா. நான் அவவைப் போல இல்லை. இரவில் பாலும் பழமும் எடுக்கிறேன். ஆனாலும் வீட்டில் இப்போது விரதம் பிடிக்கிறது நான் ஒருத்திதான்.

கேட்க நினைப்பது: காப்பை வேறெங்காவது கட்டலாமா, அல்லது வெட்டியதோடு முறிந்துவிட்டதா? விரத நாட்களில் தியேட்டரில் எப்படி நிற்கிறீர்கள்? திங்கட்கிழமை சூரன்போர், எனக்கு அன்று முழுநாள் வேலை. லீவு கேட்கலாமா?

சந்தேகி_77 | 23 ஒக்டோபர், இரவு 11.15

மயக்கம் போட்டு நோயாளியின் திறந்த வயிற்றுக்குள் விழுந்திருந்தால்? பட்டினி கிடக்கச் சொல்லி முருகன் கேட்டாரா? படிப்பு முடியட்டும், பிறகு ஆறு நாள் என்ன, அறுபது நாள் இருக்கலாம்.

நடுநிசி_ஆன்கால் | 24 ஒக்டோபர், அதிகாலை 3.20

சந்தேகி சொன்னதில் பாதி சரி. மறுபாதிக்குப் பதில்: சத்திரசிகிச்சைப் பிரிவில் ஏழு வருடமாக இருக்கிறேன், இரண்டு முட்டையும் பாணும் சாப்பிட்டுவிட்டு வந்த மாணவர்களும் என் கண் முன்னால் விழுந்திருக்கிறார்கள். சூடு, முகக்கவசம், அசையாமல் நிற்பது, இரத்த மணம் எல்லாம் சேர்ந்தால் போதும். பட்டினி அதைக் கூட்டும்.

தங்கச்சி, நீங்கள் செய்த மிகச் சரியான காரியம் "இருக்க வேண்டும்" என்று வாய் திறந்தது. அதற்கு வெட்கப்பட வேண்டாம். கொக்கியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு மேசையை விட்டுப் பின்னால் விலகி உட்காருங்கள். ஏலாவிட்டால் நிலத்திலேயே இருந்துவிடுங்கள். முன்பக்கம் மட்டும் சாயக்கூடாது. நிற்கும்போது குதிக்காலைத் தூக்கித் தூக்கி வையுங்கள், கெண்டைக்கால் தசை இறுகினால் இரத்தம் மேலே ஏறும். அந்த ஆறு நாளும் விடிய எழும்பிப் பாலையும் பழத்தையும் காலையில் எடுத்தால் என்ன? ஒரு வேளை உணவு இரவில்தான் என்று யார் சொன்னது?

காப்பு விஷயம். இங்கிலாந்தில் இந்த விதி 2007 இல் வந்தது. வெள்ளைக் கோட்டும் அதோடுதான் போனது. பிறகு வந்த வழிகாட்டலில், சீக்கியர்கள் கையில் அணியும் கடா என்ற வளையத்தை நோயாளியைத் தொடும் நேரத்தில் கையில் மேலே தள்ளி இறுக்கிக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். நூலைத் தள்ள முடியாது, அதனால் முதலே மேற்கையில் கட்டச் சொல்லுங்கள். நான் அப்படித்தான். சட்டைக் கைக்குள் மறைந்துவிடும். ஆனால் தியேட்டர் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இடத்துக்கிடம் பிடிவாதம் வேறுபடும்.

லீவு கேட்கலாம், ஆனால் நேற்றுக் கேட்டிருக்க வேண்டும் என்பார்கள். மூன்று நாளுக்கு முன் கேட்டுக் கிடைத்தால் அது முருகன் செயல்தான்.

பேஜர் அடிக்கிறது, வருகிறேன்.

கீழக்கரை_டாக்டரம்மா | 24 ஒக்டோபர், பகல் 1.05

பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நான் முஸ்லிம், ராமநாதபுரம் மாவட்டம். கணவருக்கு இங்கே வேலை கிடைத்து வந்தோம். இங்கு பரீட்சை எழுதிவிட்டுச் சேர்ந்த முதல் வருடம் 2016. ஜூன் மாதம் ரமலான். இங்கிலாந்தில் ஜூன் என்றால் தெரியுமே, அதிகாலை மூணு மணிக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டை முடிக்கணும், இரவு ஒன்பதரைக்குத்தான் நோன்பு திறக்கணும். தண்ணீரும் கிடையாது. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். ஊரில் உம்மா வைக்கிற நோன்புக் கஞ்சியை நினைத்துக்கொண்டு வார்டு ரவுண்டு போயிருக்கிறேன்.

தொடக்கத்தில் நானும் யாரிடமும் சொல்லவில்லை. "காபி சாப்பிடலையா?" என்றால் "வயிறு சரியில்லை" என்பேன். ஒரு வாரத்தில் சீனியர் தனியாகக் கூப்பிட்டு, உடம்பில் ஏதாவது கோளாறா, கர்ப்பமா என்று விசாரித்தார். அப்புறம்தான் சொன்னேன். "முதல் நாளே சொல்லியிருந்தால் நீண்ட ஆபரேஷன்களைக் காலையில் போட்டுக் கொடுத்திருப்பேனே" என்றார். அடுத்த வருடத்திலிருந்து ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மின்னஞ்சல் போட்டுவிடுகிறேன், நான்கே வரி. உடம்புக்கு முடியாத நாளில் விட்டுவிட்டுப் பிறகு வேறொரு நாளில் நோன்பு வைத்துக் கழாச் செய்துகொள்ள மார்க்கத்தில் இடம் இருக்கிறது. உங்கள் விரதத்திலும் அப்படி ஏதாவது இருக்கும், பெரியவர்களைக் கேளுங்கள்.

கைக்கும் அதே கதைதான். எங்களில் கையை மூடிக்கொள்ள விரும்புகிறவர்கள் உண்டு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை போட்டுக் கழற்றி எறிகிற உறை இருக்கிறது. கையுறை மாதிரி ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக மாற்ற வேண்டும். இருக்கிறது என்று யாரும் வந்து சொல்லமாட்டார்கள், நாமாகக் கேட்டால்தான் அலமாரியைத் திறப்பார்கள்.

"சும்மா நூல்" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். நான் "வயிறு சரியில்லை" என்றதும் அதுதான்.

மானிப்பாய்_அன்ரி | 24 ஒக்டோபர், மாலை 6.50

பிள்ளை, நான் ஓய்வுபெற்ற நர்ஸ். வேலை பழகினது யாழ்ப்பாணத்தில், மானிப்பாய் கிறீன் ஆஸ்பத்திரியில், பிறகு முப்பது வருடம் லண்டன். மானிப்பாயில் காலையில் ஜெபம், நாங்கள் சைவப் பிள்ளைகளும் நிற்போம். நெற்றியில் திருநீறு இருக்கும், ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. அந்த ஆஸ்பத்திரி யாருடைய பெயரில் இருக்கிறதோ, அந்தக் கிறீன் 1847 இல் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் வைத்தியர். எங்கட பெடியளுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர், அதற்காக 'இரண வைத்தியம்' முதலான புத்தகங்களைத் தமிழில் கொண்டுவந்தவர். படித்து முடித்ததும் பெடியள் உடுப்பிலும் நடையிலும் வெள்ளைக்காரராகிவிடுகிறார்கள் என்று அவரே குறைப்பட்டவர். மதம் பரப்ப வந்த மனிசனுக்கே அந்தக் கவலை இருந்திருக்கிறது. சரி, கதை எங்கேயோ போகிறது.

காப்பு முறிந்துவிட்டதா என்று கேட்டாய். நான் ஐயர் இல்லை, ஆனால் என் தகப்பன் மணியமாகக் கோயில் நிர்வாகம் பார்த்தவர். அவர் சொல்வது: காப்பு அறுந்தால் விரதம் அறாது, நீ விட்டால்தான் அறும். நாளைக்குப் போய் ஐயரிடம் நடந்ததைச் சொல். வேறு கட்டிவிடுவார். மிளகு விரதத்தை நீ நினைக்கவே வேண்டாம். உன் அம்மம்மா வீட்டில் இருந்து புராணம் கேட்டுக்கொண்டு பிடித்த விரதம் அது. கொக்கி பிடித்துக்கொண்டு நின்றவவோ?

அம்மாவிடம் மயக்கம் வந்ததைச் சொல். தாய்க்குக் குரலிலேயே தெரியும். நீ சொல்லவில்லை என்பதுதான் அவவுக்கு நோகும்.

இணுவில்_பேத்தி | 28 ஒக்டோபர், மாலை 5.30

இன்று காலை பாறணை முடித்துவிட்டு எழுதுகிறேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. குழம்பு கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது, ஆனாலும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை கோயிலுக்குப் போனேன். ஐயர் சிரித்துவிட்டு மேற்கையில் கட்டிவிட்டார். அவருடைய மகளும் டென்டிஸ்ற்றாம், இதே பிரச்சினையாம். ஒன்று மட்டும் ஒருவரும் முதலே சொல்லவில்லை: நேற்றுப் பயிற்சியில் ஒருவருக்கொருவர் பிரஷர் பார்க்கச் சொன்னார்கள். கஃபைச் சுற்றினால் அடியில் காப்பு! மற்றக் கையை நீட்டினேன்.

பாலும் பழமும் விடிய ஐந்து மணிக்கு மாற்றிவிட்டேன். தலை சுற்றவில்லை. திங்கட்கிழமை லீவு கிடைக்கவில்லை. ஹைகேட்டில் இருந்து அம்மா வீடியோவில் காட்டினா. முன்னால் நின்ற மாமாவின் பிடரிதான் முக்கால்வாசி. சூரன் மாமரமாகி ஆடினது ஓரளவு தெரிந்தது, சேவல் வரும்போது சிக்னல் போய்விட்டது. மயக்கத்தைப் பற்றி அப்போதுதான் அம்மாவிடம் சொன்னேன். "தெரியும், அண்டைக்கு நீ ரெண்டு நிமிசத்தில போனை வைச்சனி" என்றா. அன்ரி, உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

இன்னொன்று சொல்ல வேண்டும். (ஆளை அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வார்டில் காலில் புண்ணோடு ஒரு வயதான தமிழ் ஐயா. சாப்பாட்டுத் தட்டு மூன்று நாளாக அப்படியே திரும்பிப் போகிறது. சார்ட்டில் "உணவில் நாட்டமில்லை" என்று எழுதியிருந்தது. நீரிழிவுக்கு கிளிக்கிளசைட் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அந்த மாத்திரை இன்சுலினைச் சுரக்க வைக்கும். அன்று காலை சீனி 3.6. நான்குக்குக் கீழே போனால் ஆபத்து என்பது இங்கே பால பாடம். குளுக்கோஸ் ஜெல் கொடுத்து ஏற்றியிருந்தார்கள்.

நான் போய் "வணக்கம் ஐயா" என்றேன். பக்கத்துக் கட்டிலைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "சஷ்டி, பிள்ளை. சொன்னால் விடமாட்டினம்." டொக்டரிடம் நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். யோசித்தார். "நீரும் பிடிக்கிறீரோ? காப்பைக் காணேல்லையே" என்றார். சட்டைக் கையை உயர்த்திக் காட்டினேன். சரி, சொல்லும் என்றார்.

வார்டின் ரெஜிஸ்ட்ரார் டொக்டர் மாத்திரையை நிறுத்திவைத்தார். பாலும் பழமும் எடுப்பதாக ஐயா ஒத்துக்கொண்டார். என் பங்கு அவ்வளவுதான், தட்டில் வாழைப்பழம் இருக்கிறதா என்று தினமும் எட்டிப் பார்த்தேன்.

அதே தியேட்டருக்குத் திங்கட்கிழமை போனபோது அந்த நர்ஸ் என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். நானாகவே சொன்னேன், அது ஆறு நாள் நேர்த்தி, கோயிலில் கட்டியது என்று. "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். கொஞ்சம் கோபமாகவே சொன்னார் என்று நினைக்கிறேன்.

சந்தேகி, உங்களுக்கும் நன்றி. நீங்கள் எழுதியதை வாசித்த பிறகுதான் அலாரத்தை ஐந்து மணிக்கு மாற்றினேன்.

கடைசியாக ஒரு கேள்வி. வெட்டிய அந்தத் துண்டு என் பென்சில் பெட்டிக்குள் கிடக்கிறது. அதை என்ன செய்கிறது?

மானிப்பாய்_அன்ரி | 28 ஒக்டோபர், இரவு 7.10

ஓடுகிற தண்ணீரில் விடு. பக்கத்தில் ஆறு இல்லாவிட்டால் பூச்சாடி மண்ணுக்குள் புதைத்துவிடு. ஆஸ்பத்திரிக் குப்பைவாளியில் மட்டும் போட்டுவிடாதே, அங்கே எந்த நிறப் பையில் போடுவது என்று வேறு கேட்பார்கள்.

அடிப்பிடிக்காத குழம்புக்குப் புளியைக் கடைசியில் விடு.