கிளீவ்: பிளப்பதா, ஒட்டுவதா?

கேள்வி:
கிளீவ் (cleave) என்கிற ஆங்கில வினைச்சொல் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. டிரிப்சின் நொதி புரதத்தை லைசின், ஆர்ஜினின் என்கிற அமினோ அமிலங்கள் இருக்கும் இடத்தில் கிளீவ் செய்யும் என்று பாடத்தில் வருகிறது, சரி, வெட்டும் என்று புரிகிறது. 1611இல் வந்த ஆங்கில பைபிளில் கணவன் மனைவியோடு கிளீவ் ஆவான் என்றும் இருக்கிறதே, அங்கே வெட்டு என்று வைத்தால் கதை கந்தல். எப்படிப் பிரித்தறிவது? இறந்தகாலம் வேறு ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில் 1:
ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் என்று நினைப்பதால்தான் குழப்பம். பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனித்தனி வினைகள், காலப்போக்கில் உச்சரிப்பும் எழுத்தும் ஒன்றாகிவிட்டன. ஒட்டுவதற்கான வினைக்கு ஜெர்மனில் கிளேபன் என்று உறவுக்காரச் சொல் இன்றும் இருக்கிறது. வாக்கியத்தில் அடையாளம் சுலபம்: பின்னால் டு (to) அல்லது அன்டு (unto) வந்தால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்வது, நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டியது என்பது மாதிரி. நேரடியாக ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் பிளப்பது. தமிழ் பைபிளில் அந்த இடத்தில் 'இசைந்திருப்பான்' என்று போட்டிருக்கிறார்கள், அருமையான தேர்வு.

பதில் 2:
இறந்தகாலத்துக்கு வருகிறேன். பிளப்பதற்கு கிளோவ், கிளெஃப்ட், கிளீவ்ட் மூன்றுமே உண்டு, ஆனால் அறிவியல் கட்டுரையில் கிளீவ்ட் மட்டும் போடுங்கள், மற்றது போட்டால் சிரிப்பார்கள். ஒட்டுவதற்கு இன்று கிளீவ்ட்தான். மாட்டுக் குளம்புக்கு கிளோவன், அண்ணப் பிளவுக்கு கிளெஃப்ட், இவை நிலைத்துப்போனவை, இடம் மாற்ற முடியாது. பூண்டுப் பல்லைச் சொல்லும் கிளோவ்கூட இந்தப் பிளவிலிருந்து வந்ததுதான், கிராம்பைச் சொல்லும் கிளோவ் வேறு, அது ஆணி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழி.
இன்னொன்று, எல்லா உடைப்பும் கிளீவ் ஆகாது. மைக்காவை நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாக உரிந்து வரும், வைரமும் குறிப்பிட்ட தளங்களில் பிளக்கும், இதெல்லாம் கிளீவ். கண்ணாடி கண்டபடி உடையும், அதற்கு இந்தச் சொல் பொருந்தாது.

கேட்டவர்:
நன்றி, டு விஷயம் பளிச்சென்று புரிந்தது. ஒட்டுகிற பொருளில் அலுவலக மின்னஞ்சலில் எழுதலாமா?

பதில் 1:
வேண்டாம். பிரசங்கம் மாதிரி இருக்கும். ஸ்டிக் டு போதும், கொஞ்சம் மிடுக்கு வேண்டுமென்றால் அட்ஹியர் டு.