ஊரணிக் கணக்கு
(குழுவின் பெயர்: நம்ம ஊர்ச் சொந்தங்கள்)

கயல்: சித்தப்பா, ஒரு சந்தேகம். குரூப் 4 புத்தகத்தில் நம்ம ராமநாதபுரத்தை ‘முன்னேற விழையும் மாவட்டம்’ என்று போட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் நாமும் விருதுநகரும் மட்டும்தானாம். இதில் என்ன கேள்வி வரும்?

முத்து மச்சான்: பின்தங்கிய மாவட்டம் என்பதைக் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னால் அப்படித்தான் வரும்.

ராசு சித்தப்பா: இது மத்திய அரசுத் திட்டம். 2018 ஜனவரியில் தொடக்கம், நாடு முழுக்க 112 மாவட்டம், முன்னேற்றத்தை அளக்க 49 குறியீடு. இதை மனப்பாடம் பண்ணிக்கொள். மதிப்பெண்ணில் சுகாதாரம், ஊட்டச்சத்துக்கு 30 சதவீதம், கல்விக்கு 30, விவசாயம், நீருக்கு 20. வங்கிச் சேவை, திறன் பயிற்சி சேர்த்து 10, அடிப்படை வசதிக்கு 10.

செல்வி அத்தை: பணம் எவ்வளவு வரும் அண்ணே?

ராசு சித்தப்பா: இதற்கென்று பெரிய தனி நிதி கிடையாதும்மா. ஏற்கெனவே இருக்கிற திட்டங்களைக் கோத்து நடத்த வேண்டும். மாதாமாதம் ரேங்க் உண்டு. போன மாதத்தைவிட எவ்வளவு ஏறினாய் என்று பார்ப்பார்கள். முன்னால் வந்தால் கூடுதல் நிதி.

ராசு சித்தப்பா: 2006-07இல் வந்த பின்தங்கிய பகுதிகள் மானிய நிதி வேறு மாதிரி. பஞ்சாயத்துக்கே காசு வந்தது. தமிழ்நாட்டில் 6 மாவட்டம். பக்கத்துச் சிவகங்கை உண்டு, நாம் இல்லை. யூனியன் ஆபிஸில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

செல்வி அத்தை: சிவகங்கை கதை இருக்கட்டும். அந்த 49இல் தண்ணீருக்கு இடம் இருக்கிறதா? இன்றைக்குக் காலை நாலரைக்கு எழுந்து தள்ளுவண்டியில் எட்டுக் குடம் வைத்துக்கொண்டு போனேன். திரும்பும்போது சக்கரம் மணலில் புதைந்து இரண்டு குடம் சாய்ந்துவிட்டது.

ராசு சித்தப்பா: இருக்கிறது. குடிநீர் போதுமான அளவு கிடைக்கிறதா என்பது ஒரு குறியீடு. நூறு நாள் வேலையில் புதுப்பித்த நீர்நிலைகள் எத்தனை என்பது இன்னொன்று.

செல்வி அத்தை: அப்படியென்றால் நம்ம ஊரணியும் கணக்கில் ஏறியிருக்குமா?

ராசு சித்தப்பா: தூர்வாரி போர்டும் வைத்தாயிற்றே, ஏறாமலா இருக்கும்?

செல்வி அத்தை: போர்டு இருக்கிறது. ஆடுகள் அதில்தான் முதுகு சொறிகின்றன. கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தும் கணுக்கால் தண்ணீர்கூட நிற்கவில்லை.

முத்து மச்சான்: ஏன்மா? நான் ஊருக்கு வந்தபோது பார்த்தேனே, நன்றாகத்தானே ஆழப்படுத்தியிருந்தார்கள்?

செல்வி அத்தை: குழி ஆழம்தான். கண்மாயிலிருந்து வருகிற வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம். பாதித் தூரத்தில் யாரோ மிளகாய்க் கொல்லைக்கு வண்டி போக மண்ணைக் கொட்டி மேவிவிட்டார்கள். தண்ணீர் தெற்கே திரும்பி ஓடைக்குப் போய்விடுகிறது.

முத்து மச்சான்: யாரோவா? அது அப்பா போட்ட பாதைம்மா. மூட்டை ஏற்ற டிராக்டர் வர வேண்டும் என்று.

செல்வி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராசு சித்தப்பா: 😂 2023இல் புவிசார் குறியீடு வாங்கின மிளகாய் இல்லையா, அதற்கு ஊரணியையே எழுதிக் கொடுத்துவிட்டார் மாப்பிள்ளை.

கயல்: கணக்கில் நீர்நிலை புதுப்பித்தாயிற்று, நீர்தான் இல்லை. சரிதானே சித்தப்பா?

முத்து மச்சான்: இதைப் பரீட்சையில் எழுதி வைக்காதே கயல்.

ராசு சித்தப்பா: ஜனவரி 26 கிராம சபையில் மனு கொடுப்போம். கயல், நீயே எழுது. உனக்கும் பழக்கமாகும்.

கயல்: ‘எங்கள் ஊர் ஊரணியைத் தூர்வாரித் தருமாறு பணிவுடன்...’

ராசு சித்தப்பா: நிறுத்து. அப்படி எழுதினால் ‘பணி முடிந்தது’ என்று பதில் வரும். ‘வரத்துக்கால்’ என்று போடு. கண்மாய் மடையிலிருந்து ஊரணி வரை எத்தனை மீட்டர், சர்வே எண் என்ன என்று விஏஓவிடம் கேட்டுச் சேர்த்துக்கொள். கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும் என்றும் எழுது. வெட்டி மட்டும் விட்டால் அடுத்த மழைக்கே தழைத்துவிடும்.

முத்து மச்சான்: பாதைக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய் பதித்துவிடலாம். காசு நான் அனுப்புகிறேன். பாதை யாருடையது என்று மட்டும் மனுவில் எழுத வேண்டாமே.

செல்வி அத்தை: எழுதாவிட்டால் மட்டும் ஊருக்குத் தெரியாதா? குழாயை இரண்டடி அகலத்துக்கு வாங்கச் சொல். சின்னதாக இருந்தால் ஒரே மழையில் சருகு அடைத்துக்கொள்ளும்.