பிரேக் மிதித்தால் டிரெயிலரில் சிக்னல் லைட்டும் சேர்ந்து எரிகிறது, எங்கே பார்ப்பது?

கந்தப்பளை மரக்கறி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பழைய டீசல் டபள் கெப், 12 வோல்ட். பின்னால் இரும்புச் சட்டத்தில் அடித்த சின்ன டிரெயிலரைக் கொளுவி லீக்ஸ், கெரட் மூட்டைகளைக் கண்டிப் பக்கம் கொண்டுபோகிறேன். பிளக் ஏழு ஊசி. எல்லாமே சாதாரண பல்ப், எல்ஈடி எதுவும் இல்லை.

பார்க் லைட்டை மட்டும் போட்டால் டிரெயிலரில் இரண்டு பக்கமும் ஒழுங்காகத்தான் எரிகிறது. பிரேக்கை மிதித்தவுடன் பார்க் லைட் மங்குகிறது, பிரேக் லைட் அரை உயிரில் சிவக்கிறது, சிக்னல் இரண்டும் மெல்லிசாக எரிகிறது. கெப்பின் லைட்டுகளில் குறையே இல்லை. மழை பெய்தால் இன்னும் மோசம். வளைவில் திரும்பும்போது சில நேரம் தானாகவே சரியாகி, மறுபடி கெட்டுவிடும். இன்னொரு விஷயம், கெப்பையும் டிரெயிலரையும் இணைக்கும் கொளுவி உருண்டையைத் துடைத்துப் புது கிரீஸ் வைத்த பிறகுதான் பழுது கூடிப்போனது.

பல்புகளை மாற்றியாகிவிட்டது. இங்கே ஒரு மெக்கானிக் பாஸ், வயர் முழுவதையும் கழற்றிப் புதிதாக இழுக்க வேண்டும் என்கிறார். லபுக்கலையிலிருந்து றம்பொடைக்கு இறங்கும் வளைவுகளில் மூட்டம் போட்டால் பின்னால் வரும் பஸ்காரருக்கு என் பிரேக் லைட் தெரியவே தெரியாது. அதுதான் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹட்டன் வயரிங்

தம்பி, வயர் முழுவதையும் மாற்ற இப்போதே காசு கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு அடையாளமும் எர்த்தைத்தான், அதாவது கரண்ட் பெட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியைத்தான், காட்டுகிறது.

டிரெயிலரின் எல்லா பல்புகளுக்கும் திரும்பிப் போக முறையாக இருப்பது ஒரே வழி, மூன்றாம் ஊசியின் வெள்ளை வயர். அது அறுந்தால் கரண்ட் நின்றுவிடாது. தேயிலை மலையில் கான் அடைபட்டால் தண்ணீர் நிரைக்குள் புகுந்து வழி தேடுகிற மாதிரி, எரியாமல் இருக்கும் மற்ற பல்புகளின் வழியாகக் கெப்புக்கே திரும்பிப் போகும். பார்க் லைட் 5 வாட்தான், இரண்டு பல்புக்கும் ஒரு அம்பியர்கூட வராது. அது பிரேக் பல்ப் வழியாகச் சுலபமாக வடிந்துவிடும், அதனால் நல்ல லைட் போலத் தெரியும். நிறையப் பேர் ஏமாறுவது இதில்தான். பிரேக்கை மிதித்தால் 21 வாட் பல்ப் இரண்டு, கிட்டத்தட்ட மூன்றரை அம்பியர். அப்போது பிரேக் வழியும் அடைபட்டு, மிச்சமிருப்பது சிக்னல் பல்புகள் மட்டும். இருக்கிற வோல்டேஜைப் பங்குபோட்டுக்கொண்டு எல்லாமே மங்கலாக எரியும்.

கிரீஸ் வைத்த பிறகு கூடியது என்றீர்களே, அதுவே பெரிய சாட்சி. இவ்வளவு நாளும் உங்கள் டிரெயிலர் கொளுவி உருண்டை வழியாக எர்த் எடுத்திருக்கிறது. வளைவில் இரும்பு இரும்போடு உரசும்போது சரியாவதும் அதனால்தான்.

முதலில் ஒரு தடித்த வயரை எடுத்து, பெட்டரி நெகட்டிவிலிருந்து டிரெயிலர் சட்டத்தில் சுரண்டிப் பளபளப்பாக்கிய ஓர் இடத்துக்குப் பிடியுங்கள். பிரேக்கை ஒருவர் மிதிக்கட்டும். எல்லாம் சரியானால் எர்த்தேதான்.

அப்புறம் இடத்தைப் பிடிக்க வேண்டும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனையை நீள வயர் போட்டு பெட்டரி நெகட்டிவிலேயே விட்டுவிடுங்கள். பிளக் குத்தியிருக்க, பிரேக் மிதித்தபடியே இருக்க, சிவப்பு முனையை ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டு போங்கள்: கெப்பின் சொக்கட் எர்த் நட்டு, பிளக்குக்குள் மூன்றாம் ஊசியின் ஸ்குரூ, டிரெயிலர் சட்டம், கடைசியில் லைட் ஹோல்டர். 0.2 வோல்டுக்குள் நின்றால் நல்லது. எந்த இடத்தில் எண் திடீரென்று குதிக்கிறதோ, அதற்கு முன்னால்தான் பழுது.

லைட்டை அணைத்துவிட்டு வெறும் மீட்டரில் தொடர்ச்சி பார்த்து ‘வயர் நல்லது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வயருக்குள் ஒரே ஒரு செம்பு நூல் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் சத்தம் போடும். மூன்றரை அம்பியரை அந்த நூல் தாங்காது.

பண்டாரவளை டிரைவர்

அண்ணன் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நிறத்தை நம்பி வயரை வெட்டாதீர்கள், பிளக்கில் அச்சிட்ட இலக்கத்தைப் பாருங்கள். முறைப்படி 1 மஞ்சள் இடது சிக்னல், 2 நீலம் பின்பக்க மூட்ட லைட், 3 வெள்ளை எர்த், 4 பச்சை வலது சிக்னல், 5 மண்ணிறம் வலது பார்க், 6 சிவப்பு பிரேக், 7 கறுப்பு இடது பார்க். ஆனால் ஊரில் கையில் கிடைத்த வயரைப் போட்டுக் கட்டிய டிரெயிலர்கள் எத்தனையோ. நான் திறந்த ஒன்றில் எர்த்துக்குப் பச்சை வயர் போட்டிருந்தார்கள்.

கந்தப்பளை மரக்கறி

அண்ணே, இன்று பார்த்தேன். தடித்த வயரைப் பிடித்ததும் பிரேக் லைட் பளிச்சென்று எரிந்தது, சிக்னல் அணைந்தது. மீட்டரில் கெப் சொக்கட் நட்டு 0.1, பிளக்கின் மூன்றாம் ஸ்குரூ 0.2, டிரெயிலர் சட்டம் 6.8!

வெள்ளை வயர் போய்ச் சேரும் நட்டு, இழுவைக் கம்பிக்கு அடியில், சேறு அடிக்கிற இடத்தில் இருக்கிறது. டிரெயிலரைச் செய்தவர் சாயத்தின் மேலேயே லக்கை (வயர் முனையில் அடிக்கும் உலோக வளையம்) முறுக்கியிருக்கிறார். நட்டைக் கழற்றும்போதே லக்கிலிருந்து வயர் கையோடு வந்துவிட்டது. உறைக்குள் செம்பு இல்லை, பச்சைத் தூள்தான் கொட்டியது.

பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டி, புது லக் அடித்து, சாயத்தைச் சுரண்டிப் பல் வொஷர் போட்டு இறுக்கினேன். இப்போது சட்டத்தில் 0.2. வலது லைட் மட்டும் இடதைவிடக் கொஞ்சம் மங்கல், அந்த ஹோல்டரில் 0.9 காட்டுகிறது. கிரீஸைத் துடைத்துவிட வேண்டுமா?

ஹட்டன் வயரிங்

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தம்பி. கிரீஸ் அப்படியே இருக்கட்டும், உருண்டைக்கு அது வேண்டும். எர்த் கொடுப்பது அதன் வேலை இல்லை.

சட்டத்தில் 0.2, ஹோல்டரில் 0.9 என்றால் அந்த லைட்டைச் சட்டத்தில் பிடித்திருக்கும் நட்டில் துரு. சுரண்டினால் இப்போதைக்குச் சரியாகும், அடுத்த மழைக்காலத்தில் திரும்ப வரும். அதனால் பிளக்கின் மூன்றாம் ஸ்குரூவிலிருந்து இரண்டு ஹோல்டருக்கும் தனித்தனியாக வெள்ளை வயர் இழுத்துவிடுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் தாராளம். லக்குகளின் மேல் கிரீஸ் பூசுங்கள். ஓடாத நாட்களில் பிளக்கை வாய் கீழே பார்க்கத் தொங்க விடுங்கள், தண்ணீர் தேங்காது.

முடிந்ததும் பார்க், பிரேக், சிக்னல் மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். பார்க் லைட்டை மட்டும் போட்டுப் பார்த்தால் இந்தப் பழுது பிடிபடாது. மூட்டை ஏற்றுவதற்கு முன்னால் பாருங்கள்.